ராகு காலத்தில் போன வீடுகள்

மழை பெய்கிற மத்தியானங்களில் எனக்கு இன்றைக்கும் ஒரு சின்ன வெள்ளைக் கார் ஞாபகத்துக்கு வரும். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் பெரிய சாலையில் அது ஊர்ந்துகொண்டிருக்கும். ஓட்டுகிறவள் பக்கத்து வைப்பர் மட்டும்தான் ஒழுங்காகத் துடைக்கும். என் பக்கத்தில் உலகம் கரைந்து வழியும். தொழிற்சாலைப் புகைபோக்கி, மேம்பாலம், முன்னே நிற்கும் லோரியின் சிவப்பு விளக்கு எல்லாம் அலசின துணியிலிருந்து இறங்கும் சாயம் மாதிரி ஒன்றோடொன்று கலந்துவிடும். தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது. அந்த நேரம் பார்த்து அவள் கேட்பாள்: "ஆன்டி, அடுத்த வீடு எது?"

அவள் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நான் அவளுக்கு வாயாக இருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிறகு படித்ததெல்லாம் கையில் அகப்பட்டதுதான், பட்டன் மடித்து வந்த பொட்டலத் தாள் உட்பட. ஆனால் எழுத்தைவிட எனக்குப் பிடித்தது மனிதர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகும் வார்த்தை. தையல் கடையில் அதற்குக் குறைவே இல்லை. அளவெடுக்கும்போது பெண்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். கை மேலே போனால் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

அவளுடைய அம்மா என் வாடிக்கைக்காரர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ரயில்வே உத்தியோகத்துக்கென்று வந்து பிரிக்ஃபீல்ட்ஸிலேயே தங்கிவிட்டவர்கள். "மகள் டாக்டருக்குப் படிக்கிறாள். ஆனா ஊசி போடாத டாக்டர்" என்று அந்த அம்மா பாதிப் பெருமையும் பாதிக் கவலையுமாகச் சொல்வார். அந்த ஊசி போடாத டாக்டர் ஒருநாள் கடைக்கு வந்து, அம்மாவின் ரவிக்கையை வாங்கிக்கொண்டு, போகாமல் நின்றாள்.

"ஆன்டி, கிள்ளான் பக்கம் உங்களுக்கு ஆக்களைத் தெரியுமோ?"

"கிள்ளான்ல எனக்குத் தெரியாத வீடு இருந்தா அது நேத்து கட்டுன வீடா இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பார்க்கின்சன் என்று ஒரு நோய். கை நடுங்கும், நடை குறுகும், முகம் அசையாது, குரல் தேய்ந்துபோகும். அது ஏன் வருகிறது என்று உலகத்தில் யாருக்கும் இன்னும் சரியாகத் தெரியாது. அதைத் தேட அவளுக்கு அரசாங்கம் சில வருஷத்துக்கு உதவித்தொகை கொடுத்திருந்தது. ஆஸ்பத்திரி மூலமாக நோயாளிகளின் விலாசம் கிடைத்திருக்கிறது. ஆனால் வீட்டுக்குப் போய் இவள் வாயைத் திறந்தால் அங்கே எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். இவள் பேசும் யாழ்ப்பாணத் தமிழ் அவர்களுக்குப் பாதி புரிவதில்லை. புரிந்த மீதியும் பயமாக இருந்ததாம். "ரேடியோ நியூஸ்ல நம்ம பேரச் சொல்ற மாதிரி இருக்கும்மா" என்று ஒரு கிழவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம்.

நான் உடனே சரி என்றேன். கூலிக்காக மட்டும் இல்லை. கிள்ளானில் என் அண்ணனுக்கு வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எந்நேரமும் எதையோ உருட்டிக்கொண்டிருந்தன, கண்ணுக்குத் தெரியாத பீடி ஒன்றைச் சுற்றுகிற மாதிரி. மாத்திரை சாப்பிட்டு வந்தார். அது அண்ணிக்கும் எனக்கும் தெரியும், அவர் மகளுக்குத் தெரியும். வெளியில் யாருக்கும் தெரியக்கூடாது என்பது அண்ணியின் கட்டளை. மகளுக்கு அப்போது வரன் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

"இது வம்சத்துல வர்ற வியாதின்னு எவனாச்சும் ஒரு வார்த்த சொல்லிட்டா போதும், பொண்ணு கேட்டு வர்றவன் ஒருத்தன் செருப்பும் என் வாசல்ல இருக்காது" என்பார் அண்ணி. அண்ணன் மறுத்துப் பேசுவதில்லை. ஒருமுறை மட்டும், காதைக் கிட்டே வைத்தால்தான் கேட்கும் குரலில் என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, என் பொண்ணப் பாக்க வரும்போது நான் ஹால்ல உக்காந்திருக்கணும். அது போதும்."

அந்தக் காலம் முழுக்க, எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்குள் இந்த வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது.

வேலைக்குச் சேர்ந்ததும் அவள் எனக்கு ஒரு நிபந்தனை போட்டாள். ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்லக்கூடாது. எங்கள் வீட்டிலும் சொல்லக்கூடாது. என்னைப் போன்றவளுக்கு இது எப்படிப்பட்ட தண்டனை என்று அவளுக்குத் தெரியாது. சத்தியம் செய்து கொடுத்தேன்.

அவள் அறைச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. மூளையின் அடிப்பகுதியைக் குறுக்கே வெட்டி எடுத்த இரண்டு துண்டுகள். ஒன்றில் இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு கோடு, கண்ணுக்கு மை தீட்டின மாதிரி. இன்னொன்றில் அந்த மை கலைந்து வெளிறிப்போயிருந்தது. நோய் வந்தவர்களுக்கு அப்படித்தான் ஆகிவிடுமாம். "இந்தக் கறுப்பை ஆர் துடைக்கினம் எண்டதுதான் என்ர கேள்வி, ஆன்டி." அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு பல நாள் எனக்கு யார் முகத்தைப் பார்த்தாலும் நெற்றிக்குப் பின்னால் அந்த மைக்கோடு தெரிந்தது. மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவருக்கும், பஸ்ஸில் தூங்கி வழிகிறவருக்கும், கண்ணாடியில் எனக்கும்.

வீடுகளில் நான் கேட்ட வார்த்தைகளை மட்டும் யாருடையது என்று சொல்லாமல் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தேன். லோரி ஓட்டி ஓய்ந்த ஒருவர் தன் கையைக் காட்டிச் சொன்னார்: "இன்ஜின் ஆஃப் பண்ணி வருஷக் கணக்காச்சு. ஸ்டீரிங் மட்டும் நிக்க மாட்டேங்குது லா." ஓர் அம்மா தன் புருஷனின் அசையாத முகத்தைப் பற்றிச் சொன்னார்: "உள்ளுக்குள்ள சிரிக்கிறாரு. வெளிய வர பெர்மிட் கெடைக்கல." தெருவில் நன்றாக நடந்து வருகிறவர்கள் வீட்டு வாசற்படியில் வந்ததும் நின்றுவிடுவார்கள். கால் எழும்பாது. "நடு ரோட்டுல பறக்குறேன், என் வீட்டு வாசல்ல பசை தடவி வச்சிருக்காங்க" என்றார் ஒருத்தர். ஒவ்வொரு நோயாளிக்கும் துணையாக, ஏறக்குறைய அதே வயசில் அதே இடத்தில் இருக்கும் நோயில்லாத ஒருவரையும் தேடிப் பிடித்து அதே கேள்விகளைக் கேட்போம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் என்ன வித்தியாசம் என்று தெரியுமாம்.

கேள்விகள் நிறைய. எந்தத் தோட்டத்தில் பிறந்தீர்கள், கிணற்றுத் தண்ணீரா ஆற்றுத் தண்ணீரா, களைக்கு மருந்து அடித்திருக்கிறீர்களா, தொழிற்சாலையில் என்ன திரவம் தொட்டீர்கள். அடுத்து குடும்பம். அப்பா அம்மா எதனால் போனார்கள், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், சொந்தத்தில் கட்டினதா அசலில் கட்டினதா, யாருக்காவது கை நடுக்கம், புத்தி மாறாட்டம், வலிப்பு உண்டா.

தோட்டம், தண்ணீர் எல்லாவற்றுக்கும் சரளமாகப் பதில் வரும். குடும்பம் என்றதும் எல்லார் வாயிலும் ஒரே பாட்டுத்தான். யாருக்கும் எதுவும் இல்லை. அப்பா தொண்ணூறு வயசு வரைக்கும் மரம் ஏறினார். அம்மா தூக்கத்திலேயே போனார்.

"ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் இல்லையாம், ஆன்டி" என்றாள் அவள் காரில். "நீரிழிவுகூட இல்லை. உலகத்திலேயே சுகமான ஆக்கள் இந்தக் கிள்ளான்லயும் சுங்கை வேயிலயும்தான் இருக்கினம்."

"நல்லதுதானே?"

"பொய்யைக் கூட்டினா என்ன வரும் ஆன்டி? பெரிய பொய்தான் வரும். அதுக்கோ எனக்குக் காசு தருகினம்?"

காஜாங்கில் ஒரு வீடு இன்னும் மோசம். விலாசத்தில் இருந்த நோயாளியே இல்லை என்றுவிட்டார்கள். வாசலில் நின்ற அம்மாள் நல்ல உயரம், நெற்றியில் பெரிய பொட்டு. "அப்படி யாரும் இந்த வீட்டுல இல்லம்மா. தப்பான வீடு." அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே எங்கோ தரையைத் தேய்த்துத் தேய்த்து நடக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை எங்கள் அண்ணன் வீட்டில் நான் போகும்போதெல்லாம் கேட்கிறவள். எங்கள் மூன்று பேருக்கும் அது கேட்டது. மூன்று பேரும் கேட்காத மாதிரி நின்றோம். அந்த அம்மாள் கதவைச் சாத்தினார். இல்லை என்று சொன்ன வீட்டுக்கு இரண்டாம் முறை போகக்கூடாது என்பது இவள் வைத்துக்கொண்ட இன்னொரு விதி.

முடிச்சு அவிழ்ந்தது சுங்கை வேயில்தான். ஒரு வரிசை வீட்டில் எங்களுக்கு ராஜ மரியாதை. கேசரி, வடை, தங்க விளிம்புக் கோப்பையில் டீ. அந்த வெயிலில் மூன்று பெண்பிள்ளைகள் பட்டு உடுத்தி வரிசையாக நின்றார்கள். வீட்டுக்காரம்மா நடுப்பெண்ணின் டைப்பிங் சர்ட்டிபிகேட்டை எடுத்துக் காட்டினார். இவள் பேனாவைத் திறந்து, "உங்கட குடும்பத்தில..." என்று தொடங்குவதற்குள் அவர் குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"மாப்பிள்ள என்ன வேலைம்மா பாக்குறாரு?"

"எந்த மாப்பிள்ளை?"

"அதான்மா, நீங்க யாருக்காக விசாரிக்க வந்திருக்கீங்களோ, அவரு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வடையை வாயில் அடைத்துக்கொண்டேன். அந்தக் கணத்தில்தான் எல்லாம் விளங்கியது. கார் வைத்திருக்கும் பெண், கூடவே ஊர் தெரிந்த ஒரு பெரிய மனுஷி, கையில் பேனா, வாயில் வம்சத்துக் கேள்விகள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் மறைமுகமாக ஆள் அனுப்பி விசாரிப்பார்களே, அதுவேதான்! பெண் வீடுகளில் எங்களை மாப்பிள்ளை பக்கத்து ஆள் என்றும், பிள்ளை வீடுகளில் பெண் பக்கத்து ஆள் என்றும் நினைத்துத்தான் எல்லாரும் தங்கள் சொந்தக்காரர்களை அத்தனை ஆரோக்கியமாக ஆக்கியிருக்கிறார்கள்.

"நாங்கள் கலியாண விஷயமா வரேல்ல, ஆன்டி" என்று இவள் தவித்தாள்.

"அப்படித்தாம்மா எல்லாரும் சொல்லிக்கிட்டு வருவாங்க" என்றார் அந்த அம்மா. பிறகு யோசித்தார். "நெசமாவே அதுக்கு வரலன்னா ஒன்னு பண்ணுங்க. ராகு காலத்துல வாங்க. கல்யாணம் பேச எவனாச்சும் ராகு காலத்துல படி ஏறுவானா? அப்ப நம்புறோம்."

இவளுக்கு ராகு காலம் எது என்றே தெரியாது. கடையிலிருந்த நாட்காட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் பயணமெல்லாம் ராகு காலத்தில்தான். செவ்வாய் என்றால் பிற்பகல் மூன்று மணி, வெள்ளி என்றால் காலை பத்தரை. அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர், எல்லா நேரமும் விட்டுவிட்டு இந்த விசித்திரமான நேரங்கள் எதற்கு என்று கேட்டாராம். "அப்பதான் சார் உண்மை சொல்லுவினம்" என்றாளாம்.

ராகு காலத்துக்கென்று வீடுகளில் ஒரு வெளிச்சம் உண்டு. எனக்கு அப்போதுதான் அது தெரிந்தது. யாரும் எதையும் தொடங்காத நேரம். புது அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள், துணி வெட்ட மாட்டார்கள், பிரயாணம் கிளம்ப மாட்டார்கள். கடிகாரம் ஓடும், நாள் நின்றிருக்கும். ஜன்னல் திரை மெல்ல உள்ளே வந்து வெளியே போகும். அந்த நேரத்தில் பேசுகிற பேச்சு எந்தக் கணக்கிலும் சேராது என்பது போல் மனிதர்கள் பேசினார்கள். இல்லாமல் போயிருந்த அத்தைகள் உள்ளறைகளிலிருந்து வந்தார்கள். மரம் ஏறிய அப்பாக்கள் இறங்கி வந்து, கடைசி வருஷங்களில் கரண்டி பிடிக்க முடியாமல் இருந்ததைச் சொன்னார்கள். இவள் எழுதிக்கொண்டே இருப்பாள். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். எத்தனையோ வீடுகள் இப்போது எனக்குள் ஒரே நீளமான வீடாகிவிட்டன. ஒரு கதவைத் திறந்தால் கிள்ளான், அடுத்த கதவைத் திறந்தால் சுங்கை வே.

அப்படியிருக்கும்போது அண்ணன் மகளுக்கு ஒரு வரன் பொருந்தி வந்தது. காஜாங் பையன், கூட்டுறவு அலுவலகத்தில் வேலை. ஜாதகம் நன்றாகச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரத்தில் பெண் பார்க்க வருகிறார்கள். அண்ணி அன்றைக்கு அண்ணனை, கிள்ளானை அடுத்த மேருவில் இருக்கும் அவருடைய பழைய கூட்டாளி வீட்டுக்கு அனுப்பிவிட முடிவு செய்திருந்தார்.

"அப்பா எங்கன்னு கேப்பாங்களே அண்ணி?"

"அவுட்ஸ்டேஷன் போயிருக்காருன்னு சொல்லிக்கலாம்."

"ரிட்டயர் ஆன மனுஷன் எந்த அவுட்ஸ்டேஷனுக்குப் போவாரு?"

"நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இரு. அன்னிக்கு ஒரு நாளு."

அண்ணி கல்நெஞ்சக்காரி இல்லை. தினமும் காலையில் அண்ணனுக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிடுவதும், சோற்றைப் பிசைந்து கரண்டியோடு வைப்பதும் அவர்தான். அவர் பயம் அவருக்கு. அதனால் அடுத்த முறை வீடுகள் பார்த்துவிட்டு வரும் வழியில், காரில், டாக்டர் பெண்ணிடமே கேட்டேன். அன்றைக்கும் மழை. வண்டிகள் நகரவில்லை.

"இந்த நோய் ரத்தத்துல வருதாம்மா? எங்கண்ணன் பொண்ணுக்கு வருமா?"

அவளுக்கு அண்ணன் விஷயத்தை நான் முதல்முதலாகச் சொன்னது அப்போதுதான். அவள் வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது ஆன்டி. தெரியாது எண்டபடியாத்தான் எனக்கு ஸ்காலர்ஷிப்பே தந்தவை." கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "வயசு போன பிறகு வாறது அநேகமா அப்பாட்ட இருந்து பிள்ளைக்கு வாறதில்லை. அநேகமா. நீங்கள் ஆருக்குச் சொன்னாலும் அந்த அநேகமாவை விட்டுட்டுச் சொல்லாதேங்கோ."

விடாமல்தான் போய்ச் சொன்னேன். அண்ணி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "உங்க டாக்டரம்மா வந்து மாப்பிள்ள வீட்டுல அநேகமா சொல்லட்டும். நான் பொண்ண அநேகமா குடுக்குறேன்."

ஞாயிறு காலை மேருவுக்குப் போக டாக்ஸி வந்து நின்றது. அண்ணன் வாசல் வரை வந்தார். கார்க் கதவருகே கால் நின்றுவிட்டது. டாக்ஸிக்காரர், அண்ணி, நான், பக்கத்துக்கு ஒருவராகச் சேர்ந்தும் அந்தக் காலை உள்ளே வைக்க முடியவில்லை. கால் செய்த வேலையா, கால்காரர் செய்த வேலையா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். கடைசியில் டாக்ஸியை அனுப்பிவிட்டு அவரைப் பின்னறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார் அண்ணி. அண்ணன் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் எதுவும் அசையவில்லை. அசையாத முகத்தைப் படிக்க நான் அதற்குள் பழகியிருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் தூறலோடு வந்தார்கள். அப்பா, அம்மா, பையன். அந்த அம்மாள் குடையை மடித்து வாசல் ஓரம் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். நல்ல உயரம். நெற்றியில் பெரிய பொட்டு.

என் கையில் தாம்பாளம் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது தெரிந்தது.

"நீங்க...?"

"பொண்ணுக்கு அத்த" என்றேன்.

அவர் சோபா நுனியில் உட்கார்ந்தார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும். முன்கூட்டியே வேவு பார்க்க வந்துவிட்டுப் போனவள் இவள், எல்லாம் தெரிந்துகொண்டு இப்போது சபையில் வைத்துப் போட்டு உடைக்கப் போகிறாள் என்று. அப்படியெல்லாம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லலாமென்றால், அந்த ஒரு வார்த்தையிலேயே அவர் வீட்டுச் சமாச்சாரம் வெளியே வந்துவிடும். சத்தியம் செய்திருந்தேனே. வெற்றிலைத் தட்டை மேஜையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். பேச வாயிருந்தும் நான் பேசாமல் இருந்த நேரம் என் ஆயுசில் அது ஒன்றுதான்.

மாப்பிள்ளையின் அப்பா சாலை நெரிசலைப் பற்றிப் பேசினார். பையன் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தான். பிறகு அவர் கேட்டேவிட்டார்: "சம்பந்தி எங்க, காணோமே?"

"அவரு வந்து... அவுட்ஸ்டேஷன்" என்று அண்ணி ஆரம்பித்தார்.

பின்னறைக் கதவு திறந்தது.

அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பட்டனெல்லாம் அவரே போட்டிருக்கிறார். ஒன்று மாறி, காலரின் ஒரு பக்கம் ஏறியிருந்தது. தரையைத் தேய்த்துக்கொண்டு கூடத்துக்கு வரும் வாசற்படி வரைக்கும் வந்தார். அங்கே நின்றுவிட்டார். உடம்பு முன்னே சாய்கிறது, கால் மட்டும் பாதம் எழும்பாமல் நின்ற இடத்திலேயே துடிக்கிறது. கை அந்த இல்லாத பீடியை வேகவேகமாக உருட்டுகிறது. எல்லாரும் பார்த்தார்கள். அண்ணி எழுந்து ஓடி அவர் கையைப் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்கக் கால் இன்னும் ஒட்டிக்கொண்டது.

"இழுக்காதீங்க! இழுத்தா விழுந்துருவாரு!"

மாப்பிள்ளையின் அம்மா. எழுந்து போய் வாசல் ஓரத்திலிருந்து தன் குடையை எடுத்து வந்து, அண்ணன் பாதங்களுக்கு முன்னால் குறுக்கே தரையில் வைத்தார். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் ஈரக் குடையை வாசற்படியில் போடுகிறாரே என்று அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார்.

"கால மறந்துடுங்க அண்ணே. இது ஒரு வாய்க்கா. தண்ணி ஓடுது. தாண்டுங்க."

அண்ணன் குடையைப் பார்த்தார். வலது கால் எழும்பியது, ஏதோ வாலிபன் கால் போல. குடையைத் தாண்டியது. இடது காலும் தாண்டியது. அதே வேகத்தில் நடந்து கூடத்துக்கு வந்து, மாப்பிள்ளை அப்பாவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாங்க சம்பந்தி" என்றார். "மழையா வெளிய?"

எல்லாரும் அந்த அம்மாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாண்ட வைக்கும் வித்தை தெரிந்திருக்கிறதென்றால் தாண்ட முடியாத ஒருவரோடு குடியிருக்கிறார் என்று அர்த்தம். அது அவருக்கும் புரிந்துவிட்டது. குடையைக் குனிந்து எடுத்தபடியே சொன்னார்:

"எங்க வீட்டுலயும் ஒருத்தரு இருக்காரு. என் வீட்டுக்காரரோட அண்ணன். நாங்க வெளிய சொல்லிக்கிறதில்ல."

மாப்பிள்ளையின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "இப்பக்கூட பின் ரூம்ல வச்சிட்டுத்தான் வந்தோம்" என்றார்.

"எல்லா வீட்டுலயும் பின் ரூமு இதுக்குத்தான் கட்டுறான் போல" என்றார் அண்ணன்.

முதலில் சிரித்தது பையன். அண்ணி சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, முந்தானையால் மூடிக்கொண்டார். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "நீங்க அன்னிக்கே கண்டுபிடிச்சு வீட்டுல சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் எதையும் சொல்லல அக்கா. எனக்கு எதுவும் தெரியாது" என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்தது அண்ணனுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

ஆனால் சிரிப்பு அடங்கியதும் அந்தப் பழைய பயம் வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. மாப்பிள்ளையின் அப்பாதான் சொன்னார்: "ரெண்டு பக்கமும் இருந்தா... நாளைக்குப் பிள்ளைங்களுக்கு..." முடிக்கவில்லை.

அதற்குமட்டும் என்னிடம் சொல்ல ஒன்று இருந்தது. அவள் காரில் சொன்னதை அப்படியே சொன்னேன். வயசான பிறகு வருவது அநேகமாகப் பிள்ளைக்கு இறங்குவதில்லை. அநேகமாக. அதைத் தேடித்தான் ஒரு பெண் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறாள், அவளுக்கும் இன்னும் முழுசாகத் தெரியாது.

சமையலறை வாசலில் டீத்தட்டோடு அண்ணன் மகள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. பெண் பார்க்கும் சபையில் பெண் முதலில் பேசுவது எங்கள் வீட்டில் நடந்ததில்லை.

"அநேகமா போதும் அத்த" என்றாள். "எங்கப்பா ஹால்ல உக்காந்திருக்காரு இல்ல? அவங்களும் அவங்க பெரியப்பாவ ஹாலுக்குக் கூட்டிக்கிட்டு வந்தா எனக்குச் சரி."

பையன் எழுந்து அவள் கையிலிருந்த தட்டை வாங்கினான். அதுவும் வழக்கமில்லை. "வீட்டுக்குப் போனதும் அதான் மொத வேல" என்றான்.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "உன் டாக்டர் பொண்ண வரச் சொல்லு" என்றார்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அவள் வந்தாள். அண்ணி வாசல் கதவையும் ஜன்னல்களையும் திறந்து வைத்திருந்தார். தெருவில் போகிறவர்கள் கை காட்டினால் அண்ணனும் நடுங்கும் கையையே தூக்கிக் காட்டினார். அவள் கேட்கக் கேட்க அவர் பேசினார். குரல் சின்னதாக இருந்ததால் நாங்கள் எல்லாரும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தோம். மேருவில் எங்கள் தோட்டத்தில் டாங்கி என்கிற மருந்துத் தகரத்தை முதுகில் கட்டிக்கொண்டு களைக்கு அடித்ததைச் சொன்னார். டாங்கி ஒழுகி முதுகு எப்போதும் ஈரமாக இருக்குமாம். பிறகு சுங்கை வே தொழிற்சாலையில் சாமான்களைத் திரவத்தில் முக்கிக் கழுவியது. அண்ணி இடையிடையே, "அது நம்ம கல்யாணத்துக்கு முன்ன" என்று திருத்தினார்.

"டாங்கியை எங்க கழுவுவீங்கள்?"

"ஓடையிலதான். வேல முடிஞ்சதும் எல்லாரும் அங்கதான் கழுவுவோம். தண்ணி மேல கலர் கலரா படலம் ஓடும், வானவில்லு மாதிரி. ரொம்ப அழகா இருக்கும்மா அது. கீழ்ப் பக்கம் பிள்ளைங்க குளிச்சிக்கிட்டிருப்பாங்க. அந்தக் கலரப் புடிக்கிறேன்னு தண்ணிய அள்ளி அள்ளி விளையாடுவாங்க." என் பக்கம் தலையைத் திருப்பினார். "இவளுந்தான்."

எனக்கு அந்தத் தண்ணீர் ஞாபகம் இருந்தது. கைக்குள் வந்ததும் நிறம் போய்விடும். மறுபடி அள்ளுவோம். அது எங்கிருந்து வருகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவள் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். இத்தனை காலம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவளை முதல்முறையாகப் பார்ப்பது போல் பார்த்தாள். பையிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்தாள்.

"ஆன்டி, உங்கட அண்ணாவுக்குப் பக்கத்தில வைக்க, அதே இடத்தில இருந்த, நோயில்லாத ஆள் ஒராள் வேணும். நீங்கள் சொல்லுவீங்களோ?"

"இவள வாயத் திறக்கச் சொன்னா உங்கிட்ட இருக்குற பேப்பரு பத்தாதும்மா" என்றார் அண்ணன்.

நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன். ஊரெல்லாம் நான் கேட்ட கேள்விகள்தான். ஆனாலும் கேட்கும் இடத்திலிருந்து சொல்லும் இடத்துக்கு வந்ததும் கையை மடியில் விரித்து வைத்து ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அசையாமல்தான் இருந்தது.

"பிறந்த இடம்?" என்று கேட்டாள்.

"மேரு" என்றேன்.